வீட்டுத் தோட்டத்தில் ஐப்பசிப் பறிப்பு

ஆடி மாதத்தில் வீட்டின் பின்புறம் ஒரு சென்ட், அதாவது ஏறக்குறைய 436 சதுர அடி நிலத்தைக் கொத்தி, முதன்முறையாகக் காய்கறி விதைத்த அங்கத்தினர்களுக்கு அதன் பலன் கைக்கு வருங்காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியுமாகும். மூல வைகையின் இரு மருங்கிலுமுள்ள வருசநாட்டுக் கிராமத்தார் சோளம், கம்பு, மொச்சை முதலிய மானாவாரிப் பயிர்களில் பழகியவர்கள். உழவையும் எருவையும் களையெடுப்பையும் பற்றி அவர்களுக்கு ஒருவர் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் காட்டு வெள்ளாமையில் ஊறிப்போன ஒரு வழக்கம் வீட்டுத் தோட்டத்தில் நஷ்டத்தை விளைவிக்கின்றது. விளைவு முற்றும்வரை காத்திருந்து ஒரே நாளில் அறுக்கும் வழக்கமே அது.

சோளத்தில் நமக்கு வேண்டுவது விதை. ஆகையால் கதிர் முற்றுவதே லாபம். வெண்டையிலோ விதை முற்றுமுன் உள்ள பிஞ்சே நமக்கு உணவு. செடியின் நோக்கம் நம்முடைய குழம்பு அன்று. தன் வமிசத்தை விருத்தி செய்வதே அதன் நோக்கம். சில காய்களில் விதை முற்றத் தொடங்கியதும், அது தன் சத்தை அவற்றிற்கே செலுத்திப் புதுப்பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளுகின்றது. பிஞ்சைப் பறித்துக்கொண்டே வந்தால் மேலும் மேலும் பூக்கின்றது. பூ மலர்ந்த ஐந்தாறு நாட்களில் வெண்டைக்காய் பறிப்புக்கு வந்துவிடும். நுனியை வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் தெரிந்தால் காலம் கடந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவருவது நலம். கலியாணத்திற்கோ கோயில் திருவிழாவிற்கோ ஒரு வாரம் வெளியூர் சென்று திரும்பினால், முற்றிய காய்களையும் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். சமையலுக்கு உதவாதென்று செடியிலேயே விட்டுவைப்பவர்களே பலர். காய்ப்பு நின்றதற்கு விதையைக் குறைகூறுபவர்களும் அவர்களே.

அவரையின் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. நம் காடுகளில் விளையும் மொச்சையும் பந்தலில் ஏறும் அவரையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றை விதைக்காகவும் மற்றொன்றைப் பிஞ்சுக்காகவும் மக்கள் பிரித்து வளர்த்துவந்திருக்கின்றனர். ஆதலால் மொச்சைக்குக் காட்டும் பொறுமையை அவரைப் பிஞ்சுக்குக் காட்டலாகாது. ஆனால் பூக்கும்வரை அவ்வளவு பொறுமையும் வேண்டும். நாட்டுப் பந்தல் அவரை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும் இயல்புடையது. ஆடியில் விதைத்தாலும் புரட்டாசிவரை கொடியும் இலையுமாகவே மண்டியிருக்கும். இது மலட்டுக்கொடி என்று புதியவர்கள் ஐப்பசியில் பிடுங்கி எறிகின்றனர். பிடுங்காத வீட்டில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் காய் குலுங்குகின்றது.

கத்தரியைத் தோல் மினுமினுப்பு மங்குமுன் பறிக்க வேண்டும். புடலை, பீர்க்கு, சுரை ஆகிய மூன்றும் பிஞ்சிலேயே ருசி. பரங்கிக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது: காம்பு காயும்வரை கொடியில் விட்டு, இரண்டங்குலக் காம்புடன் அறுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சில மாதம் கெடாதிருக்கும். மேற்கு மலை தென்மேற்கு மழையை மறைத்துக்கொள்ளுவதால் நமக்கு வடகிழக்குப் பருவமழையே பிரதானம். அது ஐப்பசியில் கனத்துப் பெய்தால் பழுத்த தக்காளி வெடித்து வீணாகும். சற்றே நிறம் மாறியதும் பறித்து வீட்டினுள் வைக்கோலில் பழுக்க வைப்பது உத்தமம். பாத்திகளில் தண்ணீர் தேங்காமல் வடிகாலும் வெட்டிவிட வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இங்கிலாந்தில் அரசாங்கத்தார் ஜனங்களை வீட்டுத் தோட்டம் போடும்படி தூண்டினர். ஒரு பருவத்தில் காய் மிதமிஞ்சிக் குவிந்து, குளிர்காலத்தில் ஒன்றுமில்லாதிருக்கும் நிலையைத் தவிர்க்க, வருஷம் முழுவதற்கும் திட்டமிட்டுப் பயிரிடும்படி சுவரொட்டிகளும் துண்டுப் பிரசுரங்களும் வெளியிட்டனர். இங்கும் அதே சங்கடம் உண்டு. ஐப்பசியில் வெண்டை ஓய்ந்த பாத்தியை வெறுமனே விடாமல், மழை நிதானித்ததும் முளைக்கீரை, முள்ளங்கி, கொத்தவரை ஆகியவற்றைப் பத்து நாட்களுக்கு ஒரு பகுதியாக விதைக்கலாம். முளைக்கீரை 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வரும். குழந்தைகளுக்கு மாலைக்கண் வாராமல் காக்கும் 'ஏ' ஜீவசத்துக்குக் கீரையும் முருங்கையிலையும் ஆதாரமானவை. கடையில் காசு கொடுத்து வாங்குவோர் செலவைச் சுருக்கும்போது முதலில் விடுவதும் கீரையைத்தான். பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை, விதைத்த சுமார் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். வீட்டிற்கு இரண்டு செடி போதும்.

வீட்டுத் தேவை போக மிஞ்சும் ஒன்றிரண்டு கிலோ காயைத் தனியே தேனிக்குக் கொண்டுபோனால் பஸ் கட்டணத்திற்கும் காணாது. தெருவிலுள்ள அங்கத்தினர் ஐந்தாறு பேர் ஒரே நாளில் பறித்து ஒரே கூடையாக அனுப்பி, நிறுத்த எடைப்படி பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தராசும் போதும். 1904-ஆம் வருஷத்துச் சட்டம் சங்கங்களைக் கடனுக்காகத்தான் தோற்றுவித்தது என்றாலும், சேர்ந்து விற்பதற்கு அது இடையூறன்று.

விதைக்கு விடும் செடியை இப்போதே தேர்ந்து கயிறு கட்டி அடையாளம் செய்ய வேண்டும். நோயற்றதும் நன்றாய்க் காய்த்ததுமான இரண்டு செடிகளில் நடுப்பருவக் காய்களை விடுவது முறை. பறித்துச் சலித்த பின் மிஞ்சிய கடைசிக் காய்களில் நல்ல விதையை எதிர்பார்க்கலாகாது. இலை நரம்பு மஞ்சளித்த வெண்டையில் விதை எடுக்க வேண்டாம். அந்நோய் வெள்ளை ஈயால் பரவுவதாகையால் அச்செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுக. கத்தரிப்பழம் மஞ்சளான பின் பிசைந்து நீரில் அலசி, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்க வேண்டும். வீரிய ஒட்டு விதை வாங்கி விதைத்தவர்கள் மட்டும் இச்சிரமத்தை மேற்கொள்ள வேண்டுவதில்லை. அதன் விதை அடுத்த பருவத்தில் தாய்ச்செடியின் குணத்தை ஒரே சீராகத் தராது. அவர்கள் நாட்டு விதை வைத்திருக்கும் அண்டைவீட்டாரிடம் ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.