கிளச் மிதி ஏன் கனக்கிறது?

திருகோணமலையில் உட்துறைமுக வீதியோரமாக மோட்டார் வண்டி செலுத்துவது இன்பமான காரியம். அதே வண்டியைக் கியர் மாற்றி உவர்மலை மேட்டில் ஏற்றும்போதுதான் இடது காலின் பலம் சோதிக்கப்படுகிறது. இத்துறைமுகத்துக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் கையளித்தது 1957இல். அக்காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்றிருந்த எம்.ஜி., டிரையம்ப் முதலிய ஸ்போர்ட்ஸ் கார்களை இன்றும் கண்ணுங் கருத்துமாகப் பேணுவோர் பல நாடுகளிலும் உளர். அவர்கள் அடிக்கடி கூறும் குறை, கிளச் மிதி கல்லாய்க் கனக்கிறது என்பதே.

"பழைய வண்டி அப்படித்தான், கால் பழகிவிடும்" என்று ஆறுதல் கூறுவோர் உண்டு. அந்த ஆறுதலை ஏற்கலாகாது. நேற்றுவரை இலகுவாயிருந்த மிதி இன்று கனக்கிறதென்றால், நாம் கொடுக்கும் விசை வழியில் எங்கோ விரயமாகிறது. அவ்விடத்திலுள்ள உறுப்பு நாளுக்கு நாள் தேய்கிறது.

விசை செல்லும் வழியைச் சற்று நோக்குவோம். மிதியை அழுத்தினால் ஒரு தண்டு தலைமை உருளையினுள் உள்ள பிரேக் ஒயிலைத் தள்ளும். ஒயில் குழாய் வழியே ஓடி, கியர்ப் பெட்டியருகேயுள்ள சிறிய உருளையின் முசலத்தை நகர்த்தும். அது ஒரு கவையை அசைக்க, கவை ஒரு தாங்கியை அழுத்த, வலிய வில் விலகி எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியிலிருந்து பிரிகிறது. எம்.ஜி.ஏ. வண்டியில் இவ்வேலையைச் செய்பவை சுருள்வில்கள். 1962இல் வந்த எம்.ஜி.பி.யில் தட்டுருவான வட்டவில். ஆகவே முன்னதன் மிதியைப் பின்னதோடு ஒப்பிட்டுக் குறை கூறுவது நியாயமன்று.

சோதனையை வெளியிலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் மிதியையும் தண்டையும் இணைக்கும் ஊசியைக் கழற்றி, மிதியைக் கையால் அசைத்துப் பாருங்கள். தனித்த மிதியே முரண்டு பிடித்தால் நோய் அங்கேதான். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில், மாதக்கணக்காக நிறுத்திவைத்த வண்டியின் மிதி அச்சு துருப்பிடிப்பது வியப்பன்று. துரு நீக்கிக் கிறீஸ் பூசினால் போதும், செலவு சொற்பம்.

அடுத்தது இறப்பர்க் குழாய். பழைய குழாய் வெளியே நன்றாயிருந்தும் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கலாம். அழுத்தும்போது கனத்து, காலை எடுத்தபின் மெல்ல மெல்ல மிதி எழுமானால் குழாயைச் சந்தேகியுங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மாரிகாலம் பல கண்ட பழைய ஒயில், உருளையின் உட்சுவரை அரித்து முசலத்தை இறுகச் செய்யும். சிறிய உருளையைக் கழற்றிய நிலையில் ஒருவரும் மிதியை அழுத்திவிடக் கூடாது. முசலம் வெளியே பாய்ந்துவிடும். ஒயில் வர்ணத்திற் பட்டால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. தலைமை உருளையை மாற்றிய ஒருவர், 5/8 அங்குல விட்டத்துக்குப் பதிலாக 3/4 அங்குல விட்டமுள்ளதைப் பூட்டிவிட்டாரென்று கொள்வோம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், பஸ்காலின் விதிப்படி, அதே வேலைக்கு 1.44 மடங்கு விசை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அங்குலத்தின் எட்டிலொரு பங்கு, காலுக்கு நன்றாய்த் தெரியும்!

வெளியுறுப்புகள் யாவும் செம்மையாயிருந்தும் கனம் குறையாவிடில் நோய் கியர்ப் பெட்டியின் முன்புற மூடிக்குள் இருக்கிறது. டிரையம்ப் டி.ஆர். வரிசை வண்டிகளில் கவையைத் தாங்கும் குறுக்கு அச்சின் புஷ்கள் தேய்ந்து அச்சு இறுகுவதும், கவையை அச்சோடு பிணைக்கும் கூம்பு ஊசி முறிவதும் பலரறிந்த குறைகள். ஊசி முறிந்தபின் எவ்வளவு மிதித்தும் கிளச் சரியாகப் பிரியாது. வண்டி நடுவீதியில் நின்றுவிடும். அவ்வண்டிகளில் கியர்ப் பெட்டியை ஆசனங்களுக்கிடையே உள்ள மூடியைக் கழற்றி உள்வழியாகவே எடுக்கலாம். எம்.ஜி.பி.யிலோ எஞ்சினையே தூக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுத் திறந்தபின் தட்டு, தாங்கி, புஷ் மூன்றையும் ஒருங்கே மாற்றாமல் மூடுவது சிக்கனமன்று.

பூட்டிய பின்னர்ப் புது ஒயில் வார்த்து, குழாயிலுள்ள காற்றை முற்றாக வெளியேற்றுங்கள். தண்டுக்கும் தலைமை உருளையின் முசலத்துக்குமிடையே சிறிது வெற்றிடம் இருக்கட்டும். அஃதில்லையேல் ஒயில் தாங்கிக்குத் திரும்ப வழியின்றி, கிளச் எந்நேரமும் பாதி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருந்து வழுக்கத் தொடங்கும்.