வலமும் இடமும் – 7: எலிக்கு எது சோற்றுக்கை?

மானிப்பாய்க் கடையொன்றில் பிள்ளை மிச்சக்காசை இடக்கையால் வாங்கினால் போதும், "மற்றக் கையால வாங்கு!" என்று அம்மம்மாவின் குரல் கேட்கும். கோயிலில் திருநீறு வாங்கும்போதும் பந்தியில் சோறு பிசையும்போதும் இதே சட்டம்தான். ஆனாலும் உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடக்கையராகவே இருக்கிறார். ஆண்களிடையே அது சற்றுக் கூடுதல். இதில் பிறப்பு எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு? மனிதரை வைத்து இதைப் பிரித்தறிவது கஷ்டம். அதட்ட அம்மம்மா இல்லாத ஒரு பிராணி வேண்டும்.

எலி அதற்குத் தோதானது.

கையைப் பற்றிய இந்தக் கேள்வி மூளையோடு சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். பேச்சுத்திறன் பெரும்பாலும் மூளையின் இடப்பாதியில் தங்கியிருக்கிறது என்று பாரிஸில் போல் புரோக்கா 1865இல் எழுதினார். அந்த ஆண்டுகளில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்துக்கொண்டிருந்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வந்தது. இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் மானிப்பாய் வைத்தியசாலையின் முதல் தலைமுறை மாணவர்கள் மண்டையோட்டையும் மூளையையும் தமிழ்ச் சொற்களால் அறிந்துகொண்ட காலத்தில்தான், அந்த மூளையின் இரு பாதிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது ஐரோப்பாவில் தெரியவந்தது.

எலியின் முறை வர இன்னும் சில பதிற்றாண்டுகள் ஆயின. ஒரு கை மட்டும் நுழையும் ஒடுங்கிய குழாய்க்குள் தீனியை வைத்துவிட்டு, எலி எந்தக் கையை நீட்டுகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. ஜோர்ஜ் பீற்றர்சன் 1934இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பாதி. எலி விரும்பும் கைக்கு எதிர்ப்புறத்து மூளைப் புறணியில் உரிய இடத்தைச் சேதப்படுத்தியபோது, அது மற்றக் கைக்கு மாறிக்கொண்டது.

அமெரிக்காவின் ஜக்ஸன் ஆய்வுகூடத்தில் றொபேட் கொலின்ஸ் இதே சோதனையைச் சுண்டெலிகளிடம் செய்தார். ஒவ்வொன்றும் 50 தடவை கை நீட்ட வேண்டும். அநேகமானவை ஒரே கையையே திரும்பத் திரும்ப நீட்டின. ஆனால் கூட்டமாகப் பார்த்தால் பாதி வலம், பாதி இடம். இடக்கைச் சுண்டெலிகளை மட்டும் தங்களுக்குள் இனம்பெருக்க விட்டார். மூன்று தலைமுறை கழிந்தும் குட்டிகளில் பாதி வலக்கைதான்! பிறகு அவர் தெரிவை மாற்றினார். எந்தக் கை என்பதை விட்டுவிட்டு, ஒரு கையில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதைப் பார்த்து இணைசேர்த்தார். இம்முறை பலன் கிடைத்தது. பெண் சுண்டெலிகள் ஆண்களைவிட உறுதியாக ஒரு கையில் நின்றன.

இன்னொரு சோதனையில் குழாயைக் கூண்டின் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தார். பெரும்பாலானவை அந்தப் பக்கத்துக்கு வசதியான கைக்கு மாறின. சில மட்டும் சிரமத்தோடு தங்கள் பழைய கையையே நீட்டிக்கொண்டிருந்தன. பந்தியில் இடக்கையை மடியில் ஒளித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தச் சுண்டெலிகளைப் புரியும்.

2021இல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோதும் இதே படம்தான் தெரிந்தது: எலிகளில் 84 வீதமும் சுண்டெலிகளில் 81 வீதமும் ஏதோ ஒரு கையைச் சார்ந்தவை, ஆனால் வலமும் இடமும் சரிசமம்.

அப்படியானால் ஆண், பெண் வித்தியாசம் எங்கே? கையை விட்டு மூளைக்குள் போனால் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். பேர்க்லியில் மரியன் டயமண்ட் குழுவினர் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் எலி மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டிப் புறணியின் தடிப்பை அளந்தார்கள். ஆண் எலிகளில் வலப்புறம் தடித்திருந்தது. பெண் எலிகளில் இடப்புறம் சற்றுத் தடித்திருந்தாலும் அது பொருட்படுத்தக்கூடிய அளவல்ல. பிறந்தவுடனேயே சூலகங்கள் அகற்றப்பட்ட பெண் எலிகள் வளர்ந்தபோது ஆண்களைப் போல வலப்புறம் தடித்த மூளையைக் கொண்டிருந்தன. புறணியின் தடிப்பை ஓமோன்களும் தீர்மானிக்கின்றன என்பதற்கு அது சான்றாயிற்று.

வளர்ப்பும் விலகி நிற்கவில்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் விக்ரர் டெனன்பேர்க் குழு, பிறந்த நாள் தொட்டுச் சில வாரங்கள் குட்டிகளைத் தினமும் சில நிமிடம் தாயிடமிருந்து எடுத்துக் கையாண்டது. பின்னர் மூளையின் ஒரு பாதியின் புறணியை அகற்றிச் சோதித்தபோது, அப்படிக் கையாளப்பட்ட ஆண் எலிகளில் இடவலப் பிரிவு தெளிவாகத் தெரிந்தது. தொடாமல் விட்டவற்றில் தெரியவில்லை. இந்த முடிவு 1978இல் வெளியானது.

கூண்டில் அம்மம்மா இல்லைத்தான். ஆனால் குட்டியைத் தூக்கிய ஆய்வாளரின் கை இருந்திருக்கிறது.

அடுத்த கிழமை: ஆண் பூனைகள் இடக்கையையும் பெண் பூனைகள் வலக்கையையும் நீட்டிய பெல்ஃபாஸ்ட் ஆய்வு.