காட்டுக்குள் கால் வைக்கும் முன்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலைக்கு நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. கோடையில் காய்ந்து நிற்கும் மலைப்புல் எத்தனை வேகமாகப் பற்றும் என்பதைத் தமிழகம் அன்று கண்ணால் பார்த்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றை அறியாமலே இன்றும் பலர் மலை ஏறுகிறார்கள்.

அனுமதி கேளுங்கள்

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். "எனக்குத் தெரிந்த பாதை, கூட்டிப் போகிறேன்" என்பவரிடம் பணம் கட்டும் முன் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்யலாம். மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள் வழிகாட்டியாக வருவார்கள். அவர்கள் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

எது குற்றம்?

சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவது, குப்பை போடுவது, ஆபத்து விளையும்படி தீ மூட்டுவது எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

உடைந்த மதுபாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் புண் சீழ்பிடிக்கும். நடக்க முடியாத யானை தீனிக்கும் தண்ணீருக்கும் போக வழியின்றி மெல்லச் சாகும். இந்தக் கொடுமையைத் தடுக்கவே, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022-இல் நீலகிரியில் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் முறை வந்தது. குரங்குக்கு பிஸ்கட் நீட்டுவதும் தீங்குதான். சாலையோரம் கையேந்தப் பழகிய குரங்கு வண்டியில் அடிபடும், ஆளைக் கடிக்கும்.

கவனமே காப்பு

அருகில் யானை இருப்பதை முதலில் மூக்கு சொல்லும், பிறகு மூங்கில் ஒடியும் சத்தம் சொல்லும். கண்ணுக்குத் தெரிவது பல நேரம் கடைசியில்தான். காதில் பாட்டும் கையில் கேமராவுமாக நடப்பவருக்கு இந்த எச்சரிக்கைகள் எட்டாது. காட்டை ரசிக்கவும் உயிரைக் காக்கவும் தேவைப்படுவது ஒரே கவனம்தான்.

ஆபத்து வந்தால்

தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் விரைவாகப் பாயும். புல்லில்லாத பாறைப் பக்கம் ஒதுங்குங்கள். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், வண்டியை விட்டு இறங்காமல் காத்திருங்கள். குரங்கு கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அத்துமீறலைக் கண்டால் இடம், நேரம், வண்டி எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112.

காட்டையும் வனவிலங்கையும் காப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு. அடுத்த முறை காட்டுக்குள் போனதும் பத்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். காட்டின் சத்தத்தைக் கேட்கப் பழகியவர் அங்கே பாட்டிலை வீசமாட்டார்.