டிசம்பர் 11

(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கள் பள்ளியில் காலை வழிபாடு முடிந்ததும் ‘இன்றைய நாள்’ என்று ஒரு சிறு குறிப்பை வாசிப்பது வழக்கம். இவ்வாண்டு அந்தப் பொறுப்பு பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் வந்தது. சில நாள்களுக்குச் செய்தியே அகப்படாது. எங்கோ ஓர் அரசர் முடிசூடினார் என்று எழுதி ஒப்பேற்றிவிடுவோம். ஆனால் டிசம்பர் 11க்கு மட்டும் இரண்டு மணித்துளி போதவே இல்லை. அன்று வாசிக்க முடியாமற் போனவற்றை இங்கே எழுதுகிறோம்.

அந்நாள் பாரதியாரின் பிறந்த நாள் என்பது ஒன்றாம் வகுப்புத் தங்கைக்குக்கூடத் தெரியும். எட்டயபுரத்தில் அவர் பிறந்தது 1882 டிசம்பர் 11. தமிழ்க் கணக்கில் அது சித்திரபானு ஆண்டு, கார்த்திகைத் திங்கள் 27ஆம் நாள், மூல நட்சத்திரம். இப்போது உங்கள் வீட்டு நாட்காட்டியில் கார்த்திகை 27 எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். டிசம்பர் 12 அல்லது 13 என்று இருக்கும்! தவறு அச்சகத்தாருடையது அன்று. தமிழ் ஆண்டு, ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நீளமுடையது. இருபது நிமிடம் ஒரு பெரிதா என்று கேட்கலாம். 140 ஆண்டுகள் சேர்ந்தால் அதுவே ஏறத்தாழ இரண்டு நாளாகிவிடுகிறது. நட்சத்திரப்படி கொண்டாடினாலோ, பிறந்த நாள் ஆண்டுதோறும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பாரதியார் பிறந்து 87 ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 11இல், 1969ஆம் ஆண்டு மாயவரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அவரே சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த். அன்று மாயவரமும் நம் கூத்தாநல்லூரும் ஒரே தஞ்சை மாவட்டத்தில் இருந்தன. இன்று நாம் திருவாரூர் மாவட்டம். மாயவரம் மயிலாடுதுறையாகி, 2020 முதல் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. என்றாலும் திருவாரூரில் பேருந்து மாறினால் போய்ச் சேர்ந்துவிடும் ஊரில் பிறந்தவர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா அம்மையார். தந்தையார் இரயில்வேயில் பணியாற்றியவர். வேலையின் பொருட்டுக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்சு நாட்டின் மணிலாவில் வாழ்ந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் வேளையில் சதுரங்கப் புதிர் ஒன்று வரும். மகன் பள்ளிக்குச் சென்றிருப்பான். தாயார் அதைப் பார்த்துத் தாளில் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அஞ்சலில் அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். வாரந்தோறும் இவர்களே பரிசு பெற்றதால் நிலையத்தார் அலுத்துப்போய், “வேண்டிய புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே” என்ற பொருளில் சொல்லிவிட்டார்களாம். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் அவருடையதாயிற்று. செய்தித்தாள்களில் இந்த ஐந்து ஆண்டுகளே பெரிய எழுத்தில் வரும். எங்களுக்கோ மகன் வருமுன் புதிரைக் குறித்து வைத்த அந்தத் தாயார்தான் பெரியவராகத் தெரிகிறார்.

ஆனந்துக்குப் பின் உலகப் பட்டம் பெற்ற இந்தியர் சென்னையைச் சேர்ந்த குகேஷ். அவர் சிங்கப்பூரில் வென்ற நாள் 2024 டிசம்பர் 12. ஒரே ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது! முந்தின நாளே வென்றிருந்தால் இக்கட்டுரைக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. 1988 டிசம்பர் 11இல், பம்பாய் அணிக்காகத் தம் முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தை ஆடிய சச்சின் டெண்டுல்கர், குஜராத் அணிக்கெதிராக ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 15. எங்கள் வயதேதான், நாங்களோ இன்னும் கணக்குத் தேர்வில் நூறு எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி 1946ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு டிசம்பர் 11இல் தில்லியில் கூடியிருந்த அரசியல் நிர்ணய சபை, டாக்டர் இராசேந்திர பிரசாத்தைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. (சென்னை மாகாணத்திலிருந்து அச்சபைக்குத் தெரிவு செய்யப்பட்டவருள் இயேசு சபைத் தந்தை ஜெரோம் டிசூசாவும் ஒருவர்.) அதே நாளில் கடலுக்கு அப்பால் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, போரினால் பசித்துக் கிடந்த குழந்தைகளுக்காக யூனிசெப் என்னும் நிதியத்தைத் தோற்றுவித்தது. போர்க்கால அவசரத்துக்கென்று தொடங்கியது, 1953இல் நிரந்தர அமைப்பாயிற்று. 1965இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றது. நம் நாட்டில் குஜராத் மாநிலத்துப் பால் கூட்டுறவுச் சங்கம் பால்பொடி தயாரிக்க இயந்திரங்கள் தந்து உதவியதும் இந்த யூனிசெப்தான். அந்தத் தொழிற்சாலை 1955இல் திறக்கப்பட்டது. அது இருக்கும் ஊரின் பெயர் என்ன தெரியுமா? ஆனந்த்!

மருத்துவர் இராபர்ட் கோக் பிறந்ததும் 1843இல் இதே நாள்தான். பாரதியார் பிறந்த 1882ஆம் ஆண்டில்தான் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அவர் அறிவித்தார். பிறகு கல்கத்தாவுக்கே வந்து வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்தார்.

இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் மறைந்ததும் ஒரு டிசம்பர் 11இல்தான், ஆண்டு 2004. 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியவர். பாரத ரத்னா விருது பெற்ற முதல் இசைக் கலைஞர். பிறந்த நாள் பட்டியலில் இறந்த நாளைச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. நம் திருச்சபை புனிதர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே விழா எடுக்கிறது. அதுவே அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாள் என்பது கருத்து. ஆகவே அம்மையாரும் பட்டியலில் இடம்பெற்றார்.

இத்தனையும் ஒரே நாளில் வருவது அதிசயமா? டிசம்பர் 11இல் ஏதோ தனிச் சிறப்பு இருப்பதாகவே எங்களில் சிலர் நம்பினர். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே, யாரேனும் இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாயிருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல்! 40 பேர் இருந்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 89. நம்ப முடியவில்லையா? 40 பேரை இருவர் இருவராகச் சேர்த்துப் பாருங்கள். 780 இணைகள் வரும். இருப்பதோ 365 நாள்கள்தாம். உலகில் பிறந்த புகழ்மிக்கவர் அனைவரும் இந்த 365க்குள்தான் அடங்கியாக வேண்டும். ஆகவே எந்தத் தேதியைத் தோண்டினாலும் சிலர் கிடைப்பர்.

கணக்கைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. ‘ஒரே நாள்’ என்பது எப்போது தொடங்குகிறது? நம் ஊர் முசுலிம் தோழியருக்கு, வியாழன் மாலை மஃரிபு பாங்கு ஒலித்ததுமே வெள்ளி வந்துவிடும். கோயிலில் ஞாயிற்றுத் திருப்பலியை நாமும் சனி மாலையிலேயே காண்கிறோம். பஞ்சாங்கம் பார்ப்பவர்க்குக் கதிரவன் எழும்போதுதான் நாள் பிறக்கும். கடிகாரத்துக்கோ நள்ளிரவு. பாரதியார் உயிர் நீத்தது நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. அதனால்தான் 1921 செப்டம்பர் 11 என்றும் 12 என்றும் இரு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலக் கணக்கில் 12 என்பதே சரி. அவிலாவின் புனித தெரேசம்மாள் கதை இன்னும் வியப்பானது. அவர் இறந்தது 1582 அக்டோபர் 4ஆம் நாள் இரவு. அந்த இரவு விடிந்தபோது தேதி 5 அன்று, 15! திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தி, இடையில் இருந்த பத்துத் தேதிகளை நீக்கிய இரவு அதுவே. அவருடைய திருவிழாவை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம்.

இடம் மாறினாலும் நாள் மாறும். அப்பல்லோ 17 விண்கலத்தில் சென்ற செர்னனும் ஷிமிட்டும் நிலவில் இறங்கியது 1972 டிசம்பர் 11 என்று அமெரிக்க நூல்கள் கூறுகின்றன. அவர்களுக்குப் பின் நிலவில் நடந்தவர் எவரும் இலர். அந்த நேரத்தில் கூத்தாநல்லூரில் மணி நள்ளிரவு தாண்டி 1.24, தேதி 12.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் பிறந்த தேதியைச் சரிபார்த்துக் கையெழுத்திடும்படி எங்களிடம் கேட்டார்கள். அதில் உள்ளதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். கடவுச்சீட்டு வரைக்கும் அதுவே வரும் என்று சிஸ்டர் எச்சரித்திருந்தார்கள். எங்கள் தோழி ஒருத்தி பிறந்தது நள்ளிரவு கழிந்து இருபது நிமிடத்தில். மருத்துவமனைப் பதிவில் டிசம்பர் 11. அவளுடைய அப்பாயியோ, “பொழுது விடியுமுன் பிறந்த பிள்ளைக்கு முந்தின நாள்தான்” என்று டிசம்பர் 10இலேயே பாயசம் வைப்பார். பேனாவை வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறப்புச் சான்றிதழில் இருப்பதையே எழுத வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதும் 11 என்று கையெழுத்திட்டாள்.

அவளுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே பன்னிரண்டு அடித்தவுடன் அவர் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைக்கும்போது, இங்கே டிசம்பர் 10 இரவு மணி ஒன்பதரை. பாயசம் தீர்ந்திருக்காது.