கீறல் விழுந்தாலும் பாடும்

அமெரிக்கச் சிறு நகரங்களில் பொது நூலகம் அவ்வப்போது தன் பழைய சரக்கை விற்றுக் கழிக்கும். ‘நூலக நண்பர்கள்’ என்ற பெயரில் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கம்தான் பெரும்பாலும் விற்பனையைக் கவனித்துக்கொள்ளும். வரும் பணம் நூலகத்துக்கே போகும். புத்தக மேசைகளைத் தாண்டி ஓர் ஓரத்தில், அட்டைப்பெட்டிகளில் இசை சிடிக்கள் வரிசையாக நிற்கும். ஒன்று ஒரு டாலர், மிஞ்சினால் இரண்டு. கடைசி நாளன்று கையில் ஒரு பையைக் கொடுத்து, கொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு மொத்தமாக ஒரு தொகை தந்தால் போதும் என்பார்கள். பாக், பீத்தோவன், ஜாஸ் என்று ஒரு காலத்தில் நல்ல விலைக்கு விற்ற தட்டுகள் அந்தப் பையில் சேரும்.

நூலகங்களிடம் இவ்வளவு தட்டு சேர்ந்ததற்குச் சட்டமும் கைகொடுத்தது. இசைத்தட்டுகளைக் கடை போட்டு வாடகைக்கு விடுவதை அமெரிக்கா 1984-இல் தடுத்தது. லாப நோக்கில்லாத நூலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் விலக்கு அளித்தது. ஆகவே இரவல் இசைக்கு ஊரில் நூலகமே கதி. அப்படிப் பல வீடுகளுக்குப் போய்வந்த தட்டில் கீறல் இல்லாமல் இருக்குமா? வாங்க வந்தவர் பெட்டியைத் திறந்து, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திரும்ப வைத்துவிடுவார். பெரும்பாலும் அவர் கணக்கு தப்பு. கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும் அந்தத் தட்டு, ஒரு சுரம்கூட விடாமல் பாடக்கூடும்.

காரணம், சிடியைச் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கியபோதே அது கீறல் படும் என்று எண்ணித்தான் உருவாக்கினார்கள். 1980-இல் அளவுகளும் விதிகளும் முடிவாகி, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தத் தட்டில் இரண்டு காவல்கள் உண்டு. முதலாவது ஒளியில், இரண்டாவது கணக்கில்.

சிடி என்பது 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட் தட்டு. அதன் மேற்புறத்தில் நுண்குழிகள் அச்சாகியிருக்கும். அவற்றின்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன்மேல் அரக்கு, அதன்மேல் படமும் எழுத்தும். குழியின் அகலம் அரை மைக்ரான்தான். குழிகள் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே சுருண்டு செல்லும் ஒரே தடமாக அமைந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நாற்பது சுற்று அடங்கிவிடும். சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும்.

அகச்சிவப்பு லேசர் கீழிருந்து மேலே பாய்கிறது. குழியில் பட்டுத் திரும்பும் ஒளியும் சுற்றியுள்ள சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, குழி இருக்கும் இடம் மங்கலாகத் தெரியும். குழியிலிருந்து சமதளத்துக்கோ சமதளத்திலிருந்து குழிக்கோ மாறும் விளிம்புதான் 1; மாற்றம் இல்லாத நீளமெல்லாம் 0. இந்த 1, 0 வரிசையில்தான் இசை எண்களாகப் பதிந்திருக்கிறது.

இங்கேதான் முதல் காவல். லேசர் கற்றை பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் அதன் அகலம் சுமார் 0.8 மி.மீ. உள்ளே போகப் போகக் குவிந்து, குழிகளை எட்டும்போது இரண்டு மைக்ரானுக்கும் குறைந்த புள்ளியாகிறது. அடிப்பரப்பில் ஒரு முடியோ தூசியோ மெல்லிய கீறலோ கிடந்தால் அது கற்றையின் ஒரு சிறு பகுதியைத்தான் மறைக்கும். மீதி ஒளி அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கீறல், லேசரின் பார்வையில் குவியத்துக்கு வெளியே கிடக்கும் ஒரு மங்கல் நிழல்.

கீறல் ஆழமாக இருந்து ஒளியைச் சிதறடித்துவிட்டால்? அப்போது கணக்கு வருகிறது. நான்கு எண்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: 7, 3, 9, 5. கூடவே இரண்டு காவல் எண்களையும் அனுப்புகிறோம். ஒன்று சாதாரணக் கூட்டுத்தொகை: 24. மற்றொன்று, முதல் எண்ணை 1-ஆலும் இரண்டாவதை 2-ஆலும் மூன்றாவதை 3-ஆலும் நான்காவதை 4-ஆலும் பெருக்கிக் கூட்டியது: 7 + 6 + 27 + 20, அதாவது 60.

வழியில் 9 கெட்டு 4 ஆகிவிட்டது. வாங்குபவர் கையில் 7, 3, 4, 5 இருக்கிறது. கூட்டினால் 19, ஐந்து குறைகிறது. பெருக்கிக் கூட்டினால் 45, பதினைந்து குறைகிறது. பதினைந்தை ஐந்தால் வகுத்தால் 3. ஆக, கெட்டது மூன்றாவது எண், அதில் குறைவது 5. நான்கோடு ஐந்தைக் கூட்டினால் தொலைந்த 9 திரும்பிவந்துவிட்டது. எந்த எண் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு காவல் எண்களே காட்டிக்கொடுத்துவிட்டன.

இதையே பெரிய அளவில், குறிப்பிட்ட சில எண்களுக்குள்ளேயே சுழலும் ஒரு தனி எண்கணிதத்தில் செய்யும் முறையை இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணிதர்கள் 1960-இல் ஐந்து பக்கக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வேகமான மின்சில்லுகள் இல்லாத அந்த நாளில் அது ஏட்டுக் கணக்காகவே இருந்தது. சிடியில் அது வீட்டு அலமாரிக்கு வந்தது. இசைக்கு 24 பைட் என்றால் காவலுக்கு 8 பைட், இரண்டும் சேர்ந்தது ஒரு தொகுதி; விநாடிக்கு 7,350 முறை இந்தச் சரிபார்ப்பு நடக்கிறது.

ஆனால் கீறல் ஒரு பைட்டோடு நிற்பதில்லை, அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் அழித்துவிடும். எந்தக் காவல் எண்ணும் அத்தனையையும் மீட்காது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரே தொகுதியின் பைட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதில்லை. தடத்தில் அடுத்தடுத்து வரும் சட்டகங்கள் எனும் கூறுகளில், நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் பிரித்துச் சிதறவிடுகிறார்கள். கீறல் ஓரிடத்தை மொத்தமாக அழித்தாலும், படிக்கும் கருவி பைட்டுகளை மறுபடி வரிசைப்படுத்தும்போது அந்த நஷ்டம் பல தொகுதிகளுக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பங்கிடப்படுகிறது. ஒன்றிரண்டைச் சரிசெய்வது எளிது. இப்படித் தடத்தில் சுமார் 4,000 பிட்டுகள், ஏறத்தாழ இரண்டரை மி.மீ. நீளம், அடியோடு அழிந்தாலும் இசை எழுத்துப் பிசகாமல் திரும்பிவரும். அதற்கும் மேல் போனால் கருவி அக்கம்பக்கத்து ஒலி அளவுகளைப் பார்த்து நடுவில் உள்ளதை ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் தட்டு திக்கத் தொடங்கும்.

இரண்டரை மி.மீ. என்பது தடத்தின் போக்கில் அளந்தது. மையத்திலிருந்து விளிம்புக்கு ஆரைக்கால் போல ஓடும் கீறல் எவ்வளவு நீளமானாலும், ஒவ்வொரு சுற்றிலும் அது அழிப்பது தன் அகலத்தை மட்டுமே. வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் சிறியதானாலும் கெடுதல். சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்கச் சொல்வது இதனால்தான்.

அதே ரீட்–சாலமன் கணக்கு 1986-இல் யுரேனஸ் அருகிலிருந்து வாயேஜர் 2 அனுப்பிய படங்களைக் காத்தது. இன்று டீக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கோடும் கிழிந்த மூலையோடும் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை பணம் வாங்குவதும் அதே கணக்கின் தயவில்தான்.

ஆகவே நூலக விற்பனையில் தட்டின் அடியைவிட முகத்தைக் கவனிக்க வேண்டும். அடியில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது; அங்கே விழுந்த கீறலை மெருகேற்றி எடுத்தும் விடலாம். படம் அச்சான பக்கத்தில் அலுமினியத்துக்குக் காவல் மெல்லிய அரக்குதான். அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் பாட்டே உதிர்ந்துவிடலாம்; பெரிதாக உதிர்ந்ததை எந்தக் கணக்கும் மீட்காது. தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தால், அலுமினியம் உதிர்ந்த இடங்களில் ஊசிமுனைப் பொத்தல்களாக ஒளி கசிவது தெரியும். நூலகம் ஒட்டிய பார்கோடு ஒட்டுத்தாளைப் பிய்க்கவே கூடாது; அரக்கும் அலுமினியமும் கூடவே வந்துவிடலாம். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தாலும், ஓரத்திலிருந்து வெண்கல நிறம் உள்ளே பரவியிருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். இவற்றில் எதுவும் இல்லையென்றால், அடியில் நாலு கீறல் இருக்கிறதே என்று தயங்காமல் பையில் போட்டுக்கொள்ளலாம்.