நடவு மகளிரின் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் – தேகாப்பியாசத்தால் தணிக்கும் முறை

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் நெற்சாகுபடியானது பெரும்பாலும் ஸ்திரீகளின் இடுப்பையும் முழங்காலையும் நம்பி நடைபெறும் தொழிலாகும். நாற்று நடுதலும் களையெடுத்தலும் தொன்றுதொட்டு அவர்கள் வசமே இருந்து வருகின்றன. உழவிற்கு டிராக்டரும் அறுவடைக்கு இயந்திரமும் வந்த பின்னரும், நடவு இயந்திரம் இறங்காத வயல்களில் குனிந்து நடும் வேலை குறைந்தபாடில்லை. உழவு மாடு ஒன்று நொண்டினால் உடனே வைத்தியம் தேடும் குடியானவர், நடவு ஆட்களில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்காருவதைக் கண்டால், வயதாகிவிட்டது என்று சொல்லி வேறு ஆளைத் தேடுவதே வழக்கமாயிருக்கிறது. இவ்வலி வயதின் தவிர்க்கவொண்ணாத பயனன்று. முறையான தேகாப்பியாசத்தால் பலர் இதனைத் தணித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பக்கூடும். அம்முறையை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நோயின் பரவல்

2020ஆம் ஆண்டில் உலக முழுவதிலும் சுமார் 61 கோடியே 90 லட்சம் மக்கள் இடுப்பு வலியால் வருந்தினர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் ஆடவரினும் பெண்டிரே அதிகம். மூட்டுத் தேய்வு நோயுடையோர் 2019இல் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள். மூட்டுகளுள் அதிகமாகப் பாதிக்கப்படுவது முழங்காலேயாகும்.

வலி உண்டாகும் காரணங்கள்

நடவு செய்பவள் முழங்காலை அதிகம் மடக்காமல், இடுப்பிலிருந்து முன்னே வளைந்து, சேற்றில் பின்னோக்கி அடியெடுத்து வைத்துப் போகிறாள். அந்நிலையில் தலை, தோள், கைகள் ஆகியவற்றின் பாரம் முழுவதையும் முதுகின் கீழ்ப்பாகத்திலுள்ள தசைகளும் நாண்களும் தாங்கவேண்டும். சிறிது நேரம் இவ்வாறு வளைவதால் தீங்கில்லை. நிமிராமல் மணிக்கணக்காக வளைந்திருந்தால் தசைகள் சோர்ந்து, பாரம் எலும்புகளிடையே உள்ள வட்டுகளின் மீதும் நாண்களின் மீதும் இறங்குகிறது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி எடுக்கும்போது முழங்கால் ஒவ்வோர் அடியிலும் முறுக்கப்படுகிறது. தொடையின் முன்புறத்துத் தசை வலுவிழந்தவர்களுக்கு இம்முறுக்கு மூட்டையே நேரே சென்று தாக்கும்.

இவற்றோடு மற்றொரு காரணமும் கவனிக்கத்தக்கது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் நாளுக்கு முன்னர், கோடை மாதங்களில், ஆற்றுநீரை மட்டுமே நம்பியுள்ள ஊர்களில் நடவு ஆட்களுக்கு வயல் வேலை மிகக் குறைவு. தண்ணீர் வந்ததும் குறுவை நடவு ஒரே மூச்சாய்த் தொடங்கி, நாள்தோறும் காலை முதல் குனியவேண்டியதாகிறது. கோடை முழுதும் கொட்டிலில் கட்டிக்கிடந்த மாட்டை முதல் நாளே நாள் முழுதும் ஏரில் பூட்டும் உழவர் எவரும் இலர். ஆட்கள் விஷயத்தில் மட்டும் அவ்வாறே நடக்கிறது.

ஓய்வே மருந்தன்று

வலி கண்டவுடன் பாயில் படுத்துவிடுவதும், மாதக்கணக்கில் வேலை செய்யாதிருப்பதும் நன்மை தருமென்ற எண்ணம் பரவியுள்ளது. இது தவறு. அசைவற்றுக் கிடந்தால் தசைகள் மெலிந்து மூட்டுகள் இறுகும். பின்னர்ச் சிறு வேலையும் பெருவலியைத் தரும். வலி மிகுந்த ஓரிரு நாட்களில் வேலையைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, நடமாட்டத்தை நிறுத்தலாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர் மாதத்தில் நாட்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நோயாளிக்கு நோயைப் பற்றிய விளக்கம் அளித்தலும், ஒழுங்கான தேகாப்பியாசமும் அதில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இடுப்புக் கச்சை அணிதலும், எடை கட்டி முதுகை இழுத்தலும், அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்துகளும் வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளத்தக்கவையல்ல என்றும் கூறப்பட்டுள்ளது. டென்மார்க் தேசத்தில் 2013இல் தொடங்கிய ஒரு முறையில், முழங்கால் தேய்வுடையோர்க்கு முதலில் நோயின் தன்மை விளக்கப்பட்டு, பின்னர் வாரத்திற்கு இருமுறையாக ஆறு வாரம் பயிற்சி அளிக்கப்படுகிறது. அம்முறை பின்னர்ப் பிற தேசங்களிலும் பின்பற்றப்பட்டது. இடுப்பு வலி நீங்கியவர்கள் 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், நடைப்பயிற்சியும் விளக்கமும் பெற்றோருக்கு வலி திரும்பி வர இடைநிலைக் கணக்கில் 208 நாட்களும், பெறாதோருக்கு 112 நாட்களும் ஆயின.

எனினும் தேகாப்பியாசம் மந்திரமன்று. தேய்ந்த குருத்தெலும்பு அதனால் மீண்டும் வளர்வதில்லை. வலி ஓரளவு குறைந்து, எழுதல், நடத்தல், படியேறுதல் முதலியன எளிதாவதே அதன் பயன். பயிற்சியை விட்டுவிட்டால் அப்பயனும் நாளடைவில் குறையும்.

செய்யத்தக்க பயிற்சிகள்

இவற்றிற்குப் பணச்செலவில்லை. ஒரு பாயும், திண்ணையும், அரைமணி நேரமும் போதும்.

1. உட்கார்ந்து எழுதல்: முழங்கால் உயரமுள்ள திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல் மெல்ல எழுந்து, மெல்ல உட்காரவேண்டும். இயலாதோர் முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம், அல்லது ஆசனத்தை உயர்த்திக்கொள்ளலாம். பத்துமுறை.

2. கால் நீட்டுதல்: உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கவேண்டும். காலுக்குப் பத்துமுறை.

3. இடுப்பைத் தூக்குதல்: பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்கவேண்டும். மூச்சை அடக்கலாகாது. பத்துமுறை.

4. கையும் காலும் நீட்டுதல்: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலையில் நின்று, வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டி, பின் மாற்றிச் செய்யவேண்டும். முழங்காலின் அடியில் மடித்த துணி வைத்துக்கொள்க. அவ்வாறும் முழங்கால் நோவுமாயின் இதனை விட்டுவிடலாம். பக்கத்திற்கு ஐந்துமுறை.

5. படியேறி இறங்குதல்: வாசற்படி ஒன்றில் ஏறி இறங்கவேண்டும். ஏறும்போது முழங்கால் உட்புறமாகச் சாயாமல் பாதத்திற்கு நேராக இருத்தல் வேண்டும். காலுக்குப் பத்துமுறை.

6. நடத்தல்: நாளைக்குப் பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டி, அரைமணி வரை கொண்டுபோகலாம்.

முதல் ஐந்தையும் வாரத்திற்கு இரண்டு மூன்று நாட்களும், நடையை வாரத்திற்கு ஐந்து நாட்களும் செய்தல் நன்று.

அளவறிந்து செய்தல்

மேலுரத்தை ஒரேயடியாக இடாமல் பிரித்து இடுவது போலவே, பயிற்சியையும் சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும். பத்துமுறை எளிதானபின் சிறிது ஓய்ந்து மற்றொரு பத்துமுறை செய்யலாம். பயிற்சியின்போது சிறிது வலி தோன்றுவது இயல்பே. தாங்கவொண்ணாத வலியைப் பத்து என்று கொண்டால், ஐந்துக்கு மேற்படாத வலி பொறுத்துக்கொள்ளத்தக்கது. மறுநாளைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிடின் அளவு மிகுந்துவிட்டதென்றறிந்து பாதியாகக் குறைக்கவேண்டுமேயன்றி, அடியோடு நிறுத்தலாகாது. பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒரு வாரம் செய்து பார்த்துப் பலனில்லையென்று கைவிடுவது, நாற்று நட்ட வாரமே கதிர் தேடுவதற்கொப்பாகும்.

உடல் எடை மிகுந்தோர் சிறிது குறைத்துக்கொள்வதும் நல்லது. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

ஆனி மாதத்தில் குறுவை நடுவோர் சித்திரை மாதத்திலேயே பயிற்சியைத் தொடங்கினால் உடல் வேலைக்குப் பழகியிருக்கும். ஆவணியில் சம்பா நடுவோர்க்கு ஆனி மாதமே தக்க காலம்.

வயலில் செய்யத்தக்க மாறுதல்கள்

நடவின்போது அரைமணிக்கு ஒருமுறை எல்லோரும் நிமிர்ந்து, இடுப்பில் கைகளை வைத்து, ஐந்தாறுமுறை பின்புறமாக வளைந்து கொள்ளவேண்டும். இதற்கு இரண்டு நிமிஷமே செல்லும். நாற்று முடிகளை முன்னதாகவே வயல் முழுதும் பரப்பி வைத்தால் சுமந்து நடக்கும் பாரம் குறையும். ஒருவரே நாள் முழுதும் நடாமல், நாற்றுப் பறித்தல், முடி எடுத்துக் கொடுத்தல், நடுதல் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்விக்கலாம்.

வரிசைக்கு வரிசையும் குத்துக்குக் குத்தும் 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சதுரமாக நட்டால், கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியை நின்றபடியே தள்ளிக் களையை அமிழ்த்தலாம். குனிந்து களை பறிக்கும் நாட்கள் அதனால் குறையும். ஆனால் கருவி கனமானது. கைப்பிடியைத் தள்ளுவோரின் உயரத்திற்கேற்ப அமைத்து, ஆட்களை மாற்றிக்கொண்டே ஓட்டவேண்டும். இல்லையேல் இடுப்பு வலி போய்த் தோள் வலி வரும்.

எச்சரிக்கை

கீழ்க்கண்ட குறிகள் தோன்றினால் பயிற்சியை நம்பியிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்: சிறுநீரோ மலமோ அடக்கமாட்டாமை அல்லது சிறுநீர் கட்டுதல், தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை, கால் வலுவிழத்தல், வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் கண்ட கடும் வலி, முழங்கால் சிவந்து சூடேறி வீங்குதல். வலி மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் நாள்தோறும் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யவேண்டியன

வலியைச் சொன்னால் அடுத்த நாள் வேலைக்கு அழைக்கமாட்டார்கள் என்ற அச்சத்தால் பெண்கள் அதனை மறைக்கின்றனர். மறைத்த வலி முற்றி, ஒருநாள் அவர்கள் கூலியும் போகிறது. பல ஆண்டு பழகிய கையும் வயலுக்கு இல்லாமற் போகிறது. ஆகையால் வலியைச் சொன்னவளை நீக்காமல், சில நாள் இலேசான வேலை கொடுத்து வைத்துக்கொள்வதே நிலமுடையோர்க்கு இருவகையிலும் லாபமாகும். நிமிரும் இரண்டு நிமிஷத்திற்குக் கூலி பிடித்தல் தகாது. தம் இல்லத்துப் பெண்டிரும் அடுப்படியிலும் மாட்டுக்கொட்டிலிலும் குனிந்தே உழைக்கின்றனர் என்பதையும் அவர்கள் மறத்தலாகாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், வீட்டிற்கே வந்து செய்யும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. கிராம அதிகாரிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, இத்தகைய உதவி கிடைக்கும் நாளையும் இடத்தையும் ஊரார்க்கு அறிவிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடும் நாட்களில், இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு மேற்கண்ட பயிற்சிகளை ஒருமுறை செய்து காட்டுவித்தால், பின்னர் அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்துகொள்வர். தனியே செய்வதினும் கூடிச் செய்வது நெடுநாள் நிலைக்கும்.

விதையையும் உரத்தையும் பருவத்திற்கு முன்னரே சேகரித்து வைப்பது போல, நடும் கைகளையும் தாங்கும் கால்களையும் பருவத்திற்கு முன்னரே பேணி வைத்தல் நல்ல சாகுபடியின் ஒரு பகுதியென்று கொள்ளுதல் வேண்டும்.