கணக்கு போகும் வழி பத்திரமா?

கடை ஓரிடம், கிட்டங்கி ஓரிடம் என்று தொழில் நடத்துவோர் நம்மில் பலர். முன்பெல்லாம் சிட்டையைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புவோம். இன்று சரக்கு இருப்பு, கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் இன்டர்நெட் வழியே போகின்றன. அது பொதுச் சாலை. அதில் நம் கணக்கைப் பிறர் பிரித்துப் பார்க்காதபடி செய்யும் ஏற்பாடே வி.பி.என்.

லாரி ஷெட்டில் போடும் சரக்கைச் சாக்கில் வைத்துத் தைத்து, வெளியே விலாசம் மட்டும் எழுதுகிறோம். உள்ளே இருப்பது ஏலக்காயா, மிளகா என்று சுமப்பவருக்குத் தெரியாது. அதுபோல நம் தகவலைச் சங்கேதமாக்கி, இன்னொரு சிப்பத்துக்குள் வைத்து அனுப்புவதே 'டன்னலிங்'. எப்படிக் கட்டுவது, எப்படிப் பூட்டுவது என்ற விதிமுறைகள் பல உண்டு.

பி.பி.டி.பி.: 1996-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0-இலேயே இருந்த பழைய முறை. 1998-லேயே இதன் ஓட்டைகள் வெளியாயின. இதன் கடவுச்சொல் பூட்டை ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012-இல் செய்து காட்டிவிட்டார்கள். 2016-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களிலிருந்து இதை நீக்கியது.

எல்.டூ.டி.பி.: 1999-இல் வகுக்கப்பட்டது. இது சாக்கில் கட்டும், பூட்டாது. ஐபிசெக் என்ற பூட்டையும் சேர்த்துப் போட்டால்தான் பாதுகாப்பு. பி.பி.டி.பி., எல்.டூ.டி.பி. இரண்டையும் இனி வரும் விண்டோஸ் சர்வர்களில் கைவிடப் போவதாக மைக்ரோசாப்ட் 2024-இல் அறிவித்தது.

ஓப்பன் வி.பி.என்.: 2001-இல் வந்தது. நம்பகமானது, மென்பொருளுக்குக் கட்டணமில்லை.

வயர்கார்டு: 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியில் சேர்க்கப்பட்டது. அளவில் சிறியது, வேகமானது. இதற்கும் கட்டணமில்லை.

நாம் செய்ய வேண்டியது என்ன? கம்ப்யூட்டர் மெக்கானிக் அடுத்த முறை வரும்போது, "நம் வி.பி.என். எந்த முறையில் ஓடுகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பி.பி.டி.பி. என்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள். எல்.டூ.டி.பி. என்றால் ஐபிசெக் உண்டா என்று கேளுங்கள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி இருக்கட்டும். வேலையை விட்டு நின்றவரின் சாவியை அன்றே ரத்து செய்யுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சுரங்கம் காப்பது வழியை மட்டுமே. கிட்டங்கிக் கணிப்பொறியில் வைரஸ் புகுந்தால், அதே சுரங்கம் வழியாகக் கடைக்கும் வந்து சேரும். ஆகவே, கணக்கின் நகல் ஒன்றைத் தினமும் தனியே எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி வையுங்கள்.

கடைக்கு நல்ல பூட்டு வாங்கக் கணக்குப் பார்க்காத நாம், கணக்குக்கும் நல்ல பூட்டுப் போடுவோம்.